குழந்தைக்கு ஐரிஷ் பெயர்: உச்சரிப்பில் தொடங்கிப் பிறப்புப் பதிவு வரை

ஐரிஷ் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஏதாவது ஒரு பொருள் பட்டியலில்தான். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் ஒரே சொல்லில் பொருள். நீவ் என்றால் ஒளி, ஈஃபா என்றால் அழகு, எரின் என்றால் அமைதி. முதல் இரண்டும் சரி. மூன்றாவது யாரோ கிளப்பிவிட்டது. எரின் என்பது அயர்லாந்து நாட்டின் பெயர். ‘ஏரே’ என்ற நாட்டுப் பெயரின் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தது. அமைதிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பல பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று அதையே எழுதிக்கொண்டிருக்கின்றன.

டப்ளினிலோ கார்க்கிலோ வேலைக்குப் போய் அங்கேயே குழந்தை பெறப்போகும் தம்பதிகள், ஐரிஷ்காரரை மணந்தவர்கள், வெறுமனே அந்தப் பெயர்களின் ஓசையில் மயங்கியவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியலைக் கடைசியில் பாருங்கள். முதலில் பெயரின் ஒலி, அடுத்து அதன் வேர், அப்புறம் அந்தப் பெயரை ஏற்கெனவே தாங்கியவர்கள் யார் என்பது. இந்த வரிசையில் போனால் தவறான பொருளைப் பிள்ளையின் தலையில் கட்டும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

முதல் படி: கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள்

ஐரிஷ் மொழி எழுதப்படுவது ரோமன் எழுத்தில். ஆனால் அந்த எழுத்துகளை ஆங்கிலக் கணக்கில் படித்தால் ஒன்றும் தேறாது. ஷிவான் என்ற பெண் பெயரைப் பாருங்கள். எழுதும்போது எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என் என்று ஏழு எழுத்து. ஆங்கிலம் படித்த கண் அதை ‘சியோபான்’ என்று வாசிக்கும். ஐரிஷ் கணக்கே வேறு. எஸ்-க்குப் பக்கத்தில் ஐ இருப்பதால் அது ‘ஷ’. பி-யும் எச்-சும் சேர்ந்தால் ‘வ’. ஏ-யின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கிறது, அதனால் அது ‘ஆ’. நடுவில் நிற்கும் ஓ-வுக்குத் தனி ஒலி கிடையாது. பக்கத்து மெய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆக, ஷிவான்.

இதில் ஒழுங்கின்மை எதுவும் இல்லை. சில விதிகளைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பெயர்களை நீங்களே வாசித்துவிடலாம்.

- எஸ்-க்கு அடுத்து இ அல்லது ஐ வந்தால் ‘ஷ’. ஷான், ஷேமஸ், ஷினேட் எல்லாம் இப்படித்தான்.
- பி-எச், எம்-எச் இரண்டும் பொதுவாக ‘வ’. நீவ் என்ற பெயர் எம்-எச்சில் முடிகிறது. மேவ் பி-எச்சில் முடிகிறது.
- டி-எச், ஜி-எச் இரண்டும் பெயரின் நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் கரைந்துவிடும். ஃபீயா என்ற பெயரின் இறுதியில் டி-எச் எழுதப்படும், சொல்லப்படாது.
- ஏ-ஓ சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ‘ஈ’. ஈஃபா, கீவா.
- சி எப்போதும் ‘க’தான், ‘ஸ’ ஆகவே ஆகாது. நடிகர் கிலியன் மர்ஃபியை ‘சிலியன்’ என்று சொல்கிறவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான்.
- சி-எச் என்பது ‘பகல்’, ‘முகம்’ என்று சொல்லும்போது நடுவில் வருமே, அந்த மெல்லிய ‘க’வுக்குக் கிட்டத்தட்ட நெருங்கும். தமிழ் வாய்க்கு இது சுலபம். ஆங்கில வாய்தான் திண்டாடும்.

இன்னொரு விஷயத்திலும் நமக்கு வசதி. ஐரிஷின் ‘வல்லின’ டி-யும் த-வும் பல்லில் நாக்கு பட்டு வருபவை; நம் ‘த’வுக்குப் பக்கத்தில் இருப்பவை. டி, ஏ, டி, எச், ஜி என்று எழுதப்படும் ஆண் பெயரை ஆங்கிலம் பேசுவோர் ‘டைக்’ என்பார்கள். ஐரிஷே பேச்சுமொழியாக உள்ள ஊர்களில் அது ‘தைக்’ என்று காதில் விழும்.

வட்டார வேறுபாடும் உண்டு. மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வழக்குகள். கீவா என்ற அதே பெயரை வடக்கே ‘க்வீவா’ என்பார்கள். ‘விடுதலை’ என்று பொருள்படும் பெயரை ஒருவர் ‘ஸீர்ஷா’ என்பார். அதே பெயர் கொண்ட நடிகை ரோனன் தன் பெயரை ‘ஸர்ஷா’ என்கிறார். எது சரி என்று சண்டை போட வேண்டாம். பிள்ளை எந்த ஊரில் வளரப்போகிறதோ அந்த ஊர் உச்சரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோரஸ் நா கேல்கா என்ற அரசு மொழி அமைப்பின் இணைய அகராதியில் மூன்று வழக்குகளிலும் சொற்களைப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஸீர்ஷா, ஆஷ்லிங் போல மொழியில் சாதாரணச் சொல்லாகவும் இருக்கும் பெயர்களுக்கு அது போதும். மற்றவற்றுக்கு, ஐரிஷ் வானொலியோ தொலைக்காட்சிச் செய்தியோ போட்டுவிட்டுக் கேளுங்கள். அறிவிப்பாளர்களின் பெயர்களே நல்ல பாடம்.

இரண்டாம் படி: நெடிலைத் தொலைக்காதீர்கள்

உயிரெழுத்தின் மேல் விழும் அந்தச் சாய்கோட்டுக்கு ஃபாதா என்று பெயர். அது நெடில் குறி. குறில் நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. கோடு போனால் பெயரே வேறாகிவிடும். ஷான் என்ற பெயரில் ஏ-யின் மேல் ஃபாதா உண்டு. எடுத்துவிட்டால் அது ‘கிழடான, பழைய’ என்ற பெயரடை. ரீயன் என்றால் சிற்றரசன். ஐ-யின் மேலுள்ள கோட்டை எடுத்தால் ‘தடம், அடையாளம்’ என்ற வேறு சொல் கிடைக்கும்.

அயர்லாந்திலேயே பல கணினி அமைப்புகள் இந்தக் கோட்டை நெடுங்காலம் விழுங்கிக்கொண்டிருந்தன. பெயர் வைத்திருப்பவர்கள் விடாமல் புகார் செய்து போராடினார்கள். 2021 இல் அலுவல் மொழிச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவரின் பெயரை ஃபாதாவோடு பதியவும் பயன்படுத்தவும் அரசு அமைப்புகளுக்குக் கடமை விதிக்கப்பட்டது. அப்படிப் போராடிப் பெற்ற கோடு அது. வெளியூரிலிருந்து வந்து அந்தப் பெயரை வைக்கும் நாம் அதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

விமான டிக்கெட்டிலும் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் கோடு வராது. அதனால் பயணத்துக்குச் சிக்கல் வராது. இரண்டும் ஒரே பெயராகத்தான் கொள்ளப்படும்.

மூன்றாம் படி: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

பழைய ஐரிஷ் பெயர்கள் பலவும் இரண்டு துண்டுகளால் ஆனவை, அல்லது ஒரு சொல்லோடு ‘சின்ன’ என்ற விகுதி ஒட்டியவை. ஆன், ஈன் என்று முடிந்தால் பெரும்பாலும் அது செல்லக் குறுக்கம். கீரான், கறுத்த சின்னவன். ரோனான், நீர்நாய்க் குட்டி அல்ல, கடல்நாய்க் குட்டி; கரையோர ஊர்களில் கடல்நாய் மனித உருவெடுக்கும் கதைகள் ஏராளம், அந்த நினைவு இந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. ஃபேலான், ஓநாய்க் குட்டி. ரோஷீன், சின்ன ரோஜா. ஏடான், சிறு நெருப்பு. ஆங்கிலத்தில் ஏய்டன் என்று உலகம் சுற்றுகிறது.

இரண்டு துண்டுப் பெயர்களில் ஓர்லா எனக்குப் பிடித்தது. ‘ஓர்’ என்றால் பொன். பின்னால் நிற்பது ஆட்சியுரிமை, அரசி என்று பொருள்படும் ‘ஃப்ளா’. முழுசாக எழுதினால் எஃப், எச், எல் எல்லாம் நடுவில் வரும். சொல்லும்போது எஃப்-எச் ஒலியே இழந்துவிடும். ஃபினூலா என்பதில் ‘ஃபின்’ வெண்மை, ‘கூலா’ தோள். வெண்தோளாள். சங்கப் பாட்டில் வருவது போலவே இருக்கிறது. டீர்மிட் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பொருள் ‘பொறாமையற்றவன்’. கொனர் என்று இன்று சுருங்கிவிட்ட பெயர் ‘வேட்டைநாய்களை நேசிப்பவன்’. நாயை வைத்துப் பெயரா என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த வீரயுகத்தில் வேட்டைநாய் என்பது வீரனுக்கு மறுபெயர். மாவீரன் கூ குலின் பெயரே ‘குலனின் வேட்டைநாய்’ என்றுதான் பொருள். சிறுவயதில் ஷேதந்தா என்று இருந்தவன், குலன் என்ற கொல்லனின் காவல் நாயைக் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தானே காவல் இருந்ததால் பெற்ற பெயர் அது.

மேவ், போதையூட்டுபவள். தேன்கள்ளைக் குறிக்கும் மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘மது’வும் அதே வேரின் கிளைதான். கானக்ட் நாட்டு அரசியான மேவ் ஒரு காளைக்காகப் போர் தொடுத்தவள். ஸ்லைகோ மாவட்டத்தில் நாக்னரே மலை உச்சியில் உள்ள பெரிய கற்குவியலை இன்றும் அவள் கல்லறை என்றுதான் மக்கள் சொல்கிறார்கள்.

எல்லாப் பெயருக்கும் தெளிவான வேர் கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். கிலியன் என்பதைச் சிலர் தேவாலயத்தோடு சேர்ப்பார்கள், சிலர் போரோடு சேர்ப்பார்கள். க்ரான்யாவைத் தானியம் என்பார்கள், சூரியன் என்பார்கள். அறிஞர்களே ஒரு முடிவுக்கு வராத இடத்தில் ஒற்றைச் சொல்லில் பொருள் தரும் பட்டியலை எப்படி நம்புவது?

நான்காம் படி: பெயர் எந்த அடுக்கைச் சேர்ந்தது?

இது பலரும் தாண்டிப் போகும் படி. ‘ஐரிஷ் பெயர்’ என்று நாம் சொல்வதில் குறைந்தது நான்கு அடுக்குகள் கலந்திருக்கின்றன.

அடியில் இருப்பவை மண்ணின் பழம்பெயர்கள்: ஈஃபா, நீவ், மேவ், ஃபின், ஓஷீன், கொனர், தைக். இவற்றில் சிலவற்றின் முன்னோர் வடிவங்களை ஓகம் கற்களிலேயே காணலாம். ஐரிஷ் மொழியின் ஆகப் பழைய எழுத்துச் சான்று அந்தக் கற்கள். அவற்றில் பொறித்திருப்பதும் பெரும்பாலும் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற ஆட்பெயர்தான்.

அடுத்தது கிறித்தவம் வந்தபின் சேர்ந்தவை. இங்கே அந்த மக்களின் பக்தியில் ஓர் அழகு உண்டு. மரியாளின் பெயரை நேரடியாகத் தங்கள் பெண்களுக்கு வைக்க அவர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். இன்றும் ஐரிஷில் மாதாவின் பெயர் ‘முரா’. மற்றப் பெண்களின் பெயர் ‘மோர்யா’ என்றோ ‘மாரா’ என்றோ ஒலிக்கும் வேறு வடிவம். பேட்ரிக் கதையும் இதுதான். புனித பேட்ரிக்கின் பெயரை அப்படியே வைக்காமல், ‘பேட்ரிக்கின் அடியான்’ என்று பொருள்படும்படி கிலா பாட்ரிக் என்று வைத்தார்கள். நம் முருகதாசன், சிவதாசன் வகை. அந்த அடியானின் வழிவந்தவர்கள்தான் இன்றைய ஃபிட்ஸ்பேட்ரிக் குடும்பத்தார்.

மூன்றாவது, நார்மானியர் கொண்டுவந்தவை. அவர்கள் 1169 இல் வந்து இறங்கினார்கள். ஷான், ஷிவான், ஷினேட் மூன்றும் அவர்களுடைய பிரெஞ்சுப் பெயர்களை ஐரிஷ் வாய் மாற்றியமைத்தவை. வேர் ஜான், ஜோன், ஜானெட்; அதற்கும் பின்னால் போனால் ‘கடவுள் அருளுடையவர்’ என்ற எபிரேயப் பெயர். உலகமே ஐரிஷ் என்று நினைக்கும் லியாம், வில்லியம் என்பதன் வால்துண்டு, வேர் ஜெர்மானியம். இதனால் இவை ஐரிஷ் பெயர்கள் அல்ல என்று சொல்ல மாட்டேன். எண்ணூறு ஆண்டு அந்த மண்ணில் புழங்கியபின் அவை அந்த மண்ணின் பெயர்கள்தான். ஆனால் ‘பழங்கெல்டியப் பெயர் வேண்டும்’ என்று தேடுபவர் லியாமைத் தேர்ந்தெடுத்தால், தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இந்த இடத்தில் ஒரு ஜோடியைக் கவனித்துக்கொள்ளுங்கள். ‘ஓவன்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஆண் பெயர்கள் உண்டு. இ, ஓ, ஐ, என் என்று எழுதினால் அது லத்தீன் வழியாக வந்த ஜான். இ, ஓ, ஜி, எச், ஏ, என் என்று எழுதினால் பழம்பெயர். ‘யூ மரத்தில் பிறந்தவன்’ என்று வழிவழியாகப் பொருள் சொல்வார்கள். காதுக்கு ஒன்று, வேருக்கு இரண்டு.

நான்காவது அடுக்கு புதியது. ஸீர்ஷா பழங்காலத்துப் பெயரே அல்ல. நாட்டு விடுதலைப் போராட்டத்தை ஒட்டி 20 ஆம் நூற்றாண்டில்தான் பெண் பெயரானது. ஆஷ்லிங் என்றால் கனவு, காட்சி. அயர்லாந்து ஒரு பெண்ணாகக் கனவில் தோன்றிப் பேசும் கவிதை வகைக்கும் அதே பெயர். ஃபீயா இன்னும் புதியது. 2021 இல் அந்நாட்டில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயரே அதுதான், ஆண்களில் ஜாக். புதிய பெயர் என்பதால் மதிப்புக் குறையாது. ஆனால் ‘ஆயிரமாண்டுப் பழமை’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: யாருடைய பெயர் என்று கேளுங்கள்

அகராதிப் பொருளைவிட, அந்தப் பெயரைச் சொன்னதும் அயர்லாந்துக்காரர் மனதில் வருகிற முகம்தான் முக்கியம். டெய்ர்ட்ரா என்ற பெயரின் ஓசை இனிமையானது. ஆனால் கதையில் அவள் பிறக்கும்போதே, இவளால் நாடு அழியும் என்று சோதிடம் சொல்லப்படுகிறது. காதலன் நீஷா வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். அவளும் துயரத்தில் சாகிறாள். அவள் பெயர் அங்கே சோகத்தின் சின்னம். இது தெரிந்தும் அந்தப் பெயரை விரும்பி வைப்பவர்கள் உண்டு. தெரியாமல் வைப்பதுதான் கூடாது.

ஈஃபாவுக்குப் பல முகங்கள். லிர் மன்னனின் நான்கு பிள்ளைகளை அன்னங்களாகச் சபித்துத் தொள்ளாயிரம் ஆண்டு நீரில் அலையவிட்ட மாற்றாந்தாய் ஒரு ஈஃபா. கூ குலினோடு வாள் சுழற்றி, அவனுக்கு ஒரு மகனையும் பெற்ற வீராங்கனை இன்னொரு ஈஃபா. 1170 இல் வாட்டர்ஃபோர்டில் ஸ்ட்ராங்போ என்ற நார்மானியத் தளபதிக்கு மணமுடித்துத் தரப்பட்ட லென்ஸ்டர் இளவரசி வரலாற்றில் வரும் ஈஃபா. அங்கே இந்தப் பெயரை இன்று வைப்பவர்கள் யாரும் அந்தச் சிற்றன்னையை நினைத்து அஞ்சுவதில்லை.

க்ரான்யாவுக்கும் இரண்டு பேர். ஒருத்தி, ஃபின் மக்கூல் என்ற கிழட்டு வீரர் தலைவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள், விருந்தன்றே டீர்மிடோடு ஓடிப்போன காதலி. மற்றவள் மேயோ கடலோரத்தில் கப்பல்படை நடத்திய க்ரான்யா ஓ மாலி. 1593 இல் இங்கிலாந்து சென்று முதலாம் எலிசபெத் அரசியை நேருக்கு நேர் சந்தித்துப் பேசியவள். இப்படி ஒருத்தி பெயரில் நிற்கும்போது, அது தானியமா சூரியனா என்ற கேள்வியே சின்னதாகிவிடுகிறது.

கதைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஃபின் மக்கூலின் குடும்பம். குடும்பம் முழுக்க மான். ஃபின்னின் மனைவி ஸைவ். ஒரு மந்திரவாதி அவளை மானாக்கிவிடுகிறான். மானாகக் காட்டில் அலைந்தபடியே அவள் வளர்த்த மகன் ஓஷீன், ‘மான்குட்டி’. ஓஷீனின் மகன் ஆஸ்கர், ‘மானின் நண்பன்’ என்று பொருள். ஆம், ஆஸ்கர் ஐரிஷ் பெயர்தான். ஓஷீன் கதைகளை வைத்து 18 ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வெளிவந்த கவிதைகள் ஐரோப்பாவையே மயக்கின. அவற்றில் ஊறிய நெப்போலியன், தன் தளபதி ஒருவரின் மகனுக்கு ஆஸ்கர் என்று பெயர் தர, அந்தப் பிள்ளை பிற்பாடு ஸ்வீடனின் அரசரானார். இன்று வைக்கப்படும் ஃபீயாவும் மான் என்ற சொல்லிலேயே வருகிறது. ‘காட்டுத்தன்மை’ என்ற பொருளும் அதன் பின்னால் உண்டு. ஓஷீனை வெள்ளைக் குதிரையில் ஏற்றி இளமை மாறா நாட்டுக்கு அழைத்துப் போனவள்தான் நீவ். அக்காவுக்கு நீவ், தம்பிக்கு ஓஷீன் என்று வைக்க நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்: கதையில் அவர்கள் காதலர்கள்.

புனிதர்கள் பக்கம் போனால் ப்ரிஜிட். ‘உயர்ந்தவள்’ என்று பொருள். பழந்தெய்வமாகவும் கில்டேர் மடத்தின் புனிதையாகவும் ஒரே பெயர். அவள் நாள் பிப்ரவரி 1. 2023 முதல் அவள் பெயரில் அங்கே பொது விடுமுறையும் உண்டு. கெவின் என்று நாம் அறிந்த பெயர் ஐரிஷில் ‘க்வீவீன்’, இனிய பிறப்பு. க்ளெண்டலாக் பள்ளத்தாக்கில் தவமிருந்த அந்தப் புனிதரின் நீட்டிய கையில் ஒரு கரும்பறவை முட்டையிட, குஞ்சு பொரிக்கும்வரை அவர் கையை மடக்கவில்லையாம். கொலம், புறா, 563 இல் அயோனா தீவில் மடம் அமைத்தவரின் பெயர்.

ஆறாம் படி: ஆங்கில ‘ஈடு’ பொருள் ஆகாது

அயர்லாந்தில் எல்லாப் பிறப்பையும் பதியும் முறை 1864 இல் தொடங்கியது. அப்போது ஆட்சி ஆங்கிலத்தில். வீட்டில் தைக் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் திமத்தி ஆனார், டீர்மிட் ஜெரமையா ஆனார்; கொனர் கொர்னீலியஸ் ஆனார்; க்ரான்யா க்ரேஸ் ஆனாள்; ஸொரகா ஸாரா ஆனாள். ஒலியில் ஏதோ ஒரு சாயல், அவ்வளவுதான். பொருளில் ஒரு தொடர்பும் இல்லை. க்ரான்யா என்றால் ‘அருள்’, ஸொரகா என்றால் ‘இளவரசி’ என்றெல்லாம் பட்டியல்களில் வருவது, க்ரேஸ், ஸாரா என்ற ஈடுகளின் பொருளை ஏற்றிவிட்ட இந்தக் குழப்பத்தால்தான். ஸொரகாவின் பொருள் ‘பிரகாசமானவள்’. தைக் என்றால் ‘கவிஞன்’.

1893 இல் ஐரிஷ் மொழியை மீட்க கெய்லிக் லீக் என்ற இயக்கம் தொடங்கப்பட்டபின் மக்கள் தங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஐரிஷ் நண்பரிடம் பெயரின் ஐரிஷ் வடிவத்தைச் சரியாகச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்வது தெரியும்.

பட்டியல்களில் இன்னொரு வகையும் உண்டு: அயர்லாந்துக்கு வெளியே, குறிப்பாக அமெரிக்காவில் பிறந்த ஐரிஷ் பெயர்கள். கொலீன் என்பது ‘பெண்பிள்ளை’ என்ற வெறும் பொதுச்சொல். ஷானன் ஒரு நதி. கெல்லியும் ரைலியும் குடும்பப் பெயர்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் டப்ளினில் அவை ‘அமெரிக்க வாடை’ அடிக்கும்.

ஏழாம் படி: கூப்பிட்டுப் பாருங்கள்

முருகன் கூப்பிடும்போது முருகா ஆவது போல ஐரிஷிலும் விளி உண்டு. முன்னால் ஒரு ‘அ’ சேரும், முதலெழுத்து மெலியும். ஷேமஸ் கூப்பிடும்போது ‘அ ஹேமிஷ்’. ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் என்ற பெயர் இப்படி விளியிலிருந்தே பிறந்தது. அலானா என்ற பெயரும் ‘குழந்தாய்’ என்று கொஞ்சும் விளிதான். ஐரிஷ்வழிப் பள்ளியில் படிக்கப் போகும் பிள்ளை என்றால் ஆசிரியர் அதை எப்படி அழைப்பார் என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

அப்புறம், நம் வீட்டுக் காது. கீரா என்ற அழகான பெயர் (கருங்கூந்தலாள் என்ற பொருளில் சொல்வார்கள்) நம் பாட்டி வாயில் கீரை ஆகிவிடும். நீஷா அங்கே ஆண் பெயர், இங்கே பெண் பெயர். தரா என்று ஒலிக்கும் கருவாலி மரப் பெயரும் அங்கே பெரும்பாலும் ஆண்களுக்கு. இரண்டு பக்கமும் இடறாமல் போகும் பெயர்களும் உண்டு. தாரா: மீத் மாவட்டத்தில் பேரரசர்கள் முடிசூடிய குன்றின் பெயர், இந்தியாவில் நட்சத்திரம். ரீயன், ஆன்யா, ரோனான், நோரா எல்லாம் தமிழ் வாயில் சிரமமின்றி வரும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் ஒருமுறை சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். ஐரிஷ் குடும்பத்தில் மணமுடித்தவர்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதிர்பார்ப்பு இருந்தால் முன்பே தெரிந்துவிடும்.

எவ்வளவு பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க, அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. 1964 முதலான கணக்கை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வகுப்பில் நான்கு பேருக்கு ஒரே பெயர் இருப்பது பிடிக்காதென்றால் இங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசிப் படி: பதிவு

அயர்லாந்தில் குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை பிறப்பைத் தெரிவிக்கும். ஆனால் பதிவு செய்வது பெற்றோர் பொறுப்பு. நாட்டின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் செய்யலாம். குடும்பப் பெயர் என்ற கட்டம் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி: அப்பாவின் பெயரையே முதலெழுத்தாகப் போட்டுப் பழகியவர்கள், தங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதே வடிவில் பிள்ளைக்கும் வந்தால் பின்னால் ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு எடுப்பதாக இருந்தால் அதில் ஃபாதா வராது. அதனால் பிறப்புச் சான்றிதழில் இருப்பதும் கடவுச்சீட்டில் இருப்பதும் எழுத்தளவில் ஒன்றாக இருக்கட்டும், கோடு மட்டும் வேறுபடலாம்.

எழுத்துக்கூட்டலையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒலிக்கேற்ற எளிய எழுத்தா, மரபான ஐரிஷ் எழுத்தா? பாடகி என்யாவின் பெயர் அப்படி எளிமையாக்கப்பட்டதுதான். ஐரிஷில் அது வேறு எழுத்துகளில் இருக்கும். சென்னையிலோ டொரன்டோவிலோ வளரப்போகும் பிள்ளைக்கு எளிய வடிவம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அயர்லாந்திலேயே வளரும் பிள்ளை என்றால் மரபான எழுத்தையே வையுங்கள். அங்கே ஆசிரியர் முதல் அஞ்சல்காரர் வரை எல்லாருக்கும் அதை வாசிக்கத் தெரியும், எளிமையாக்கிய வடிவம்தான் அவர்கள் கண்ணை உறுத்தும்.

பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஃபாதா எந்த உயிரெழுத்தின் மேல் வருகிறது என்பது தெளிவாகத் தெரியும்படி எழுதி எடுத்துப் போங்கள். பதிவாளர் தட்டச்சு செய்து முடித்ததும், கையெழுத்துப் போடும் முன், அந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.